அம்மாவுக்கு சுகர் 58க்கு இறங்கினது ஏன், இனி என்ன செய்யிறது

தம்பி, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். அம்மாவுக்கு 68 வயசு, வெள்ளவத்தையில உங்களோட இருக்கிறா, 12 வருசமா சுகர், கிளிக்ளசைட்டும் மெட்போமினும் போடுறா, பிறெசருக்கு அட்டெனலோல். போன வெள்ளிக்கிழமை விரதம், காலமை வழமை போல குளுசையைப் போட்டிட்டு ஒண்டும் சாப்பிடாம இருந்திருக்கிறா, பதினொரு மணிபோல சட்டை நனைய வேர்த்து கதை குழம்பிட்டுது, மெஷின்ல பாத்தா 58. பிரிட்ஜில இருந்த சொக்லேட்டைக் குடுத்திருக்கிறீங்கள், அரை மணித்தியாலத்தில தெளிஞ்சிட்டா. இப்ப நீங்கள் கேக்கிறது மூண்டு விசயம், மருந்தை நிப்பாட்டலாமோ, இனி இறங்காம இருக்க என்ன சாப்பாடு குடுக்கிறது, உங்களுக்கு சுகர் இல்லை ஆனா பசிச்சா கை நடுங்குது அதுவும் இந்த வருத்தம்தானோ எண்டு.

நான் டொக்டர் இல்லை எண்டதை முதல்லயே சொல்லிடுறன். காலி வீதிப் பக்கம் பார்மசி கவுண்டருக்குப் பின்னால 26 வருசம் நிண்ட ஆள். அதால மருந்தைக் கூட்டு குறை எண்டு நான் சொல்லமாட்டன், ஆனா டொக்டரிட்ட என்னத்தைக் கேக்கோணும் எண்டதை வடிவாச் சொல்லுவன்.

அம்மாவுக்கு வந்தது "சத்துக் குறைவு" இல்லை. சுகர் இறங்கிட்டு எண்டு சொன்னவுடன சனம் ஹோர்லிக்ஸ், முட்டை, சூப் எண்டு ஓடும், அது இல்லை இங்க விசயம். கிளிக்ளசைட், கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் இந்த நாலும் ஒரு குடும்பம், இதுகள் என்ன செய்யுமெண்டா கணையத்தை நெருக்கி இன்சுலினை வெளிய விடப் பண்ணும், வயித்துக்குள்ள சோறு வந்துதோ இல்லையோ அதுக்குத் தெரியாது, போட்டாச்செண்டா அது தன்ர வேலையைச் செய்யும். மெட்போமின் அப்பிடியில்லை, அது தனிய எண்டா சுகரை இந்தளவுக்கு இறக்கிறது மிக அபூர்வம். ஆகவே அண்டைக்கு அம்மாவைப் படுத்தினது விரதம் மட்டும் இல்லை, மருந்து மட்டும் இல்லை, ரெண்டும் சந்திச்ச நேரம்.

70க்குக் கீழ போனா லோ, 54க்குக் கீழ எண்டா பயப்பட வேண்டிய லோ. உங்களிட்ட லண்டனில இருந்தோ கனடாவில இருந்தோ ஆரும் அனுப்பின மெஷின் இருந்தா கவனம், அங்கத்தைய மெஷின்கள் வேற கணக்கில (mmol/L) காட்டும், அம்மான்ர 58 அதில 3.2 எண்டு வரும். அதை 18 ஆல பெருக்கினா எங்கட கணக்கு (mg/dL). ஒருக்கா ஒரு அன்ரி கடைக்கு வந்து மகன் அனுப்பின மெஷின் பழுது, எப்ப பாத்தாலும் அஞ்சு ஆறு எண்டுதான் காட்டுது எண்டு சண்டை பிடிச்சவ, அவவுக்கு சுகர் நல்லாத்தான் இருந்தது பாவம். 

சரி, லோ வந்த நேரத்துக்கு. சொக்லேட் குடுத்தது பிழை எண்டு உங்களைப் பேசேல்லை, ஒண்டும் குடுக்காம நிண்டதை விட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனா சொக்லேட்டில கொழுப்பு இருக்கு, கொழுப்பு சீனி ரத்தத்தில சேருறதை மெதுவாக்கும், அதுதான் அரை மணித்தியாலம் எடுத்தது. பால் தேத்தண்ணி, ஐஸ்கிரீம், கேக், பிஸ்கட் எல்லாம் இதே கதைதான். லோவுக்குத் தேவை 15 கிராம் வேகமான இனிப்பு, எங்கட வீட்டுக் கணக்கில சொன்னா சீனி மட்டமா 4 தேக்கரண்டி, அரைக் கிளாஸ் தண்ணியில கரைச்சுக் குடிக்கக் குடுக்கிறது. குளுக்கோஸ் தூள் இருந்தா இன்னும் கெதியா வேலை செய்யும், அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு. பழச்சாறு எண்டா அரைக் கோப்பை, தேன் எண்டா ஒரு மேசைக்கரண்டி. குடுத்திட்டு 15 நிமிசம் பாத்துக்கொண்டு இருந்து திரும்ப விரலைக் குத்திப் பாருங்கோ, 70 ஐத் தாண்டேல்லையெண்டா திரும்ப அதே அளவு. இந்த 15 நிமிசம்தான் கஷ்டம், ஏனெண்டா லோ வந்த ஆளுக்கு உலகத்தில இருக்கிறதெல்லாம் சாப்பிடோணும் போல இருக்கும், பக்கத்தில நிக்கிறவைக்கும் பதட்டம், பிறகு பாத்தா அரைப் போத்தல் சோடா, நாலு வாழைப்பழம், ஒரு பக்கெட் பிஸ்கட் போயிருக்கும், பின்னேரம் சுகர் 320. அப்ப "எண்ட கடவுளே கூடிட்டுது" எண்டு இன்னொரு குளுசை. இந்த ஊஞ்சலைக் கவுண்டரில நிண்டு எத்தினை தரம் பாத்திட்டன்.

சோடா எண்டவுடன ஒண்டு. 2016 இல இருந்து இங்க குளிர்பானப் போத்தல்களில சீனி எவ்வளவு எண்டு காட்ட நிற வட்டம் போடுறாங்கள் தெரியும்தானே, சிவப்பு எண்டா 100 மில்லியில 11 கிராமுக்கு மேல, மஞ்சள் எண்டா 2 இல இருந்து 11, பச்சை எண்டா 2 கிராமுக்கும் குறைவு. அது சீனியைக் குறைச்சுக் குடிக்கச் சொல்லி வந்த விசயம், ஆனா லோ வந்த நேரத்துக்கு அதைத் தலைகீழாப் பாக்கோணும். பச்சை வட்டம் போட்டது, டயட், சீரோ எண்டு எழுதினது ஒண்டும் லோவுக்கு உதவாது, அதில சீனி இல்லை, இருந்தாலும் காணாது. சுகர் ஆக்கள் இருக்கிற வீட்டில பிரிட்ஜில இருக்கிறது பெரும்பாலும் அந்தச் சாமான்தான், பதட்டத்தில அதை ஊத்திக் குடுத்திட்டு ஏன் ஏறேல்லை எண்டு நிப்பியள். மஞ்சள் எண்டாலும் சிலதில சிவப்பில இருக்கிறதில பாதிச் சீனிதான், பின்னால இருக்கிற கணக்கைப் பாத்து 15 கிராம் வர எவ்வளவு குடிக்கோணும் எண்டு இப்பவே போத்தலில மார்க்கரால கோடு போட்டு வையுங்கோ.

ஜீவனியும் அப்பிடித்தான். களைச்சு வேர்த்துக் கிடந்தா ஜீவனி கரைச்சுக் குடுக்கிறது எங்கட சனத்தின்ர கை வைத்தியம், ஆனா அது வயித்தோட்டத்துக்கு உப்பும் தண்ணியும் ஏத்த வந்த சாமான். உலக சுகாதார நிறுவனத்தின்ர கணக்குப்படி அந்த வகைக் கரைசலில ஒரு முழு லீட்டருக்கே குளுக்கோஸ் 13.5 கிராம்தான், ஒரு கிளாஸில என்ன வரும் யோசியுங்கோ. செவ்விளநீர் நல்ல சாமான்தான், ஆனா காய்க்குக் காய் இனிப்பு மாறும், லோவுக்கு அதை நம்பாதேங்கோ. அக்கார்போஸ் எண்ட குளுசை போடுறவைக்கு மட்டும் ஒரு விசேசம், அந்த மருந்து சாதாரண சீனி உடையிறதைத் தடுக்கும், அவைக்கு குளுக்கோஸ்தான் குடுக்கோணும், சீனித் தண்ணி சரிவராது.

70 ஐத் தாண்டித் தெளிஞ்ச பிறகு அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருந்தா ரெண்டு கிரீம் கிரக்கர், இல்லாட்டி ஒரு துண்டு பாணும் முட்டையும். இது முக்கியம், சீனித்தண்ணி ஏத்தினது கொஞ்ச நேரத்தில முடிஞ்சிடும், குளுசை முடியாது.

ஆள் மயங்கிட்டா, விழுங்க ஏலாத நிலைமை எண்டா, வாய்க்குள்ள ஒண்டும் ஊத்தாதேங்கோ. தண்ணி இல்லை, சீனி இல்லை, தேன் இல்லை. எங்கட ஆக்கள் பாசத்தில கரண்டியால பல்லைக் கிளப்பி ஊத்துவினம், அது மூச்சுக்குழலுக்க போனா பிறகு சுகரை விடப் பெரிய பிரச்சினை. ஒரு பக்கமாச் சரிச்சுப் படுக்கவைச்சிட்டு 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை, தமிழிலயும் கதைக்கலாம், எடுத்தவுடன "சுகர் நோயாளி, குளுசை போடுறவ, மயங்கிட்டா" எண்ட மூண்டையும் சொல்லுங்கோ. ஆஸ்பத்திரியில நரம்பில குளுக்கோஸ் ஏத்தின உடன எழும்பி இருந்து "எனக்கு ஒண்டுமில்லை வீட்ட போவம்" எண்டு அடம் பிடிப்பா, கேக்காதேங்கோ. அம்மா போடுற குடும்பத்துக் குளுசையால வந்த லோ ஒருக்கா ஏறிட்டுப் பேந்தும் இறங்கும், அதுக்காகத்தான் ஒரு நாளாவது வார்ட்டில மறிச்சு வைக்கிறவை, பெட் நிரப்பவில்லை.

அட்டெனலோலைப் பற்றி ஒரு வார்த்தை. லோ வந்தா உடம்பு காட்டுற அடையாளம் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வேர்வை, பசி. அந்த வகை பிறெசர்க் குளுசை படபடப்பையும் நடுக்கத்தையும் மூடி மறைக்கும், வேர்வையை மறைக்காது. உங்கட அம்மா வேர்த்ததாலதான் நீங்கள் மெஷினை எடுத்தீங்கள். இனி அவ காரணமில்லாம வேர்த்தாலோ, சும்மா இருந்தவ திடீரெண்டு எரிஞ்சு விழுந்தாலோ, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலோ முதல் வேலை விரலைக் குத்திறது. வயசான ஆக்களில லோ பாரிசவாதம் மாதிரியும் வரும், வெறிகாரன் மாதிரியும் வரும். எங்கட கடைக்கு முன்னால ஒரு த்ரீவீல்காரர் ஒரு நாள் ஓட்டோவை நடைபாதையில ஏத்திட்டு நாக்குக் குழறிக்கொண்டு நிண்டார், சனம் கூடி "காலங்காத்தாலயே போட்டிட்டான்" எண்டு ஏச, ஒராள் அடிக்கவும் கை ஓங்கிட்டார், நான் அவருக்கு மாசாமாசம் கிளிமிபிரைட் குடுக்கிற ஆள் எண்டபடியா மெஷினைக் கொண்டு ஓடினன், 41. விழுங்குற நிலைமையில இருந்ததால சீனித்தண்ணியோட எழும்பினார். வாகனம் ஓடுறவை ஓட முன்னம் 90க்கு மேல இருக்குதோ எண்டு பாக்கோணும், லோ வந்து தெளிஞ்ச பிறகும் 45 நிமிசம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, மூளை தெளிய சுகரை விட நேரம் எடுக்கும்.

இப்ப உங்கட முதல் கேள்வி, நிப்பாட்டலாமோ. நீங்களாகவே நிப்பாட்டாதேங்கோ, ஆனா ஒண்டுமே நடக்காத மாதிரி அதே அளவை அப்பிடியே குடுத்துக்கொண்டும் இருக்காதேங்கோ. 58 எண்டது டொக்டருக்குச் சொல்ல வேண்டிய செய்தி. மூண்டு மாசத்தில வாற கிளினிக் வரைக்கும் காத்திருக்கிற செய்தி இல்லை, இண்டைக்கே சொல்லோணும். கனபேர் சொல்லாம விடுறது ஏனெண்டா லோவை அவையள் கெட்டித்தனம் எண்டு நினைக்கினம், "சுகர் நல்லாக் குறைஞ்சிருக்கு" எண்டு பெருமை. உங்கட அம்மான்ர எச்பிஏவன்சி (மூண்டு மாசச் சராசரிச் சுகரைக் காட்டுற ரத்தப் பரிசோதனை) 6.1 எண்டு சந்தோசமா எழுதியிருந்தீங்கள், 35 வயசுக்காரருக்கு அது சந்தோசம், இந்த வகைக் குளுசை போட்டுக்கொண்டு லோவும் வாற 68 வயசு ஆளுக்கு அது டொக்டர் திரும்ப யோசிக்க வேண்டிய நம்பர். வயசான ஆக்களுக்கு, அதுவும் வேற வருத்தங்களும் இருந்தா, 8க்குக் கீழ இருந்தாக் காணும் எண்டு இலக்கைத் தளர்த்துறது இப்ப வழமை. விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சா 6.1 ஐ வைச்சு என்ன செய்யிறது.

டொக்டரிட்டப் போகேக்க அம்மா போடுற எல்லாத்தையும் ஒரு சொப்பிங் பாக்கில அள்ளிக்கொண்டு போங்கோ, கொப்பியில எழுதினதை மட்டும் இல்லை. ஏன் சொல்லுறனெண்டா, நான் கவுண்டரில கண்ட லோக்களில பாதிக்குக் கிட்டக் காரணம் இந்தப் பைக்குள்ளதான் இருந்தது. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில பேப்பர் என்வலப்பில கிளிக்ளசைட் எண்டு குடுப்பினம், பிரைவேட்டில காட்டினா அங்க டயமிக்ரோன் எண்டு எழுதுவினம், ரெண்டும் ஒரே மருந்து, பெயர்தான் வேற, அம்மாமார் ரெண்டையும் போடுவினம். அதில இன்னொரு பொறி, மெதுவாக் கரையிற எம்ஆர் குளுசை 30 மில்லிகிராம் எண்டு இருக்கும், சாதாரணது 80 எண்டு இருக்கும், 30 எண்டா லேசானது எண்டு நினைக்கிறது, ஆனா அந்த 30 இந்த 80க்குச் சமன். அடுத்தது சலக்கடுப்புக்கோ சளிக்கோ புதுசா அன்டிபயடிக் ஏதும் போட்டவவோ எண்டு பாருங்கோ, கோட்ரைமொக்சசோல், கிளரித்ரோமைசின், சிப்ரோபிளொக்சசின், அதோட பங்கஸுக்குக் குடுக்கிற புளூக்கொனசோல், இதுகள் இந்தச் சுகர்க் குளுசையோட சேர்ந்தா சுகரை இன்னும் கீழ இழுக்கும். பிறகு கிட்னி. கிரியட்டினின் (கிட்னி எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற ரத்தப் பரிசோதனை) கடைசியா எப்ப பாத்தது எண்டு கேளுங்கோ, கிட்னி களைச்சா இன்சுலினும் சில குளுசைகளும் உடம்பில கனநேரம் தங்கும், பத்து வருசமா ஒத்துவந்த அதே அளவு திடீரெண்டு கூடிப்போறது இப்பிடித்தான். கிளிபென்கிளமைட் இதில மோசம், வயசான ஆக்களுக்கு அதை இப்ப தவிர்க்கச் சொல்லுறதும் அதாலதான். 

பக்கத்து வீட்டு அன்ரி குடுத்த பாவக்காய்ச் சாறு, கொத்தல ஹிம்புட்டு எண்ட மூலிகையின்ர மரக்குவளையில ஊறவைச்ச தண்ணி இதெல்லாம் போகுதெண்டா அதையும் வெக்கப்படாமச் சொல்லுங்கோ. அது மூலிகைதானே எண்டு விடுறது. சுகரைக் குறைக்கும் எண்டு நம்பித்தானே குடிக்கிறது, பிறகு குளுசையோட சேர்ந்து குறைஞ்சா ஏன் ஆச்சரியப்படோணும்.

சாப்பாடு. என்ன சாப்பாடு எண்டதை விட எத்தினை மணிக்கு எண்டதுதான் அம்மாவுக்கு முக்கியம். இந்தக் குளுசையைச் சாப்பாட்டுக்கு கொஞ்சம் முன்னால போடுறது, எண்டா சாப்பாடு தயாரா மேசையில இருக்கோணும். கொழும்பு வீடுகளில நடக்கிறது என்னெண்டா ஏழு மணிக்குக் குளுசை, பிறகு நாடகம், மகன் வேலையால ட்ராபிக்கில வந்து சேர ஒன்பதரை, எல்லாரும் ஒண்டாச் சாப்பிடுவம் எண்டு அம்மா பாத்துக்கொண்டிருப்பா. அம்மாவை முன்னுக்குச் சாப்பிடச் சொல்லுங்கோ தம்பி, நீங்கள் வரேக்க ஒரு பிளேன்டீயோட பக்கத்தில இருக்கட்டும். குளுசையைப் போட்டிட்டு சாப்பாடு பிடிக்கேல்லை எண்டு எழும்புறது, சத்தி வயித்தோட்டம் நேரத்திலயும் அதே குளுசையைப் போடுறது, ரெண்டும் லோவைக் கூப்பிடுற வேலை. சாப்பிட ஏலாத நாளுக்கு எந்தக் குளுசையை விடலாம் எண்டு டொக்டரிட்ட முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கோ.

சோத்தைக் குறைச்சுக் குரக்கன் பிட்டு, சிவப்பரிசி, கடலை, பருப்பு, முட்டை, மீன் எண்டு போறது நல்லதுதான், மெதுவா ஏறி மெதுவா இறங்கும். ஆனா சோத்தை அரைவாசி ஆக்கினா குளுசையும் பழைய அளவில இருக்கக்கூடாது, அதை டொக்டரோட சேர்த்துத்தான் செய்யோணும். இப்ப பேலியோ அது இது எண்டு மாப்பொருளை ஒரேயடியா வெட்டிட்டு அதே கிளிமிபிரைட்டைப் போட்டுக்கொண்டு திரியிற ஆக்களைக் கண்டா எனக்குத்தான் வேர்க்குது. பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில நடக்கப் போனாலும் பொக்கட்டில நாலு தேக்கரண்டி குளுக்கோஸ் கட்டின சின்னப் பை இருக்கட்டும். விடியப்புறம் தலையிடியோட எழும்புறா, தலையணை ஈரம், கெட்ட கனவு எண்டு சொல்லுறா எண்டா ஒரு நாள் இரவு ரெண்டு மூண்டு மணிக்கு எழுப்பிப் பாருங்கோ, நித்திரையில வாற லோ அப்பிடித்தான் காட்டும்.

விரதம் விடமாட்டா எண்டு எழுதியிருந்தீங்கள். கௌரி விரதம் 21 நாள், கந்தசஷ்டி ஆறு நாள், அதோட வெள்ளியும் எண்டா சண்டை பிடிச்சு நிப்பாட்டேலாது, எனக்கும் அம்மா இருந்தவ. முஸ்லிம் ஆக்களைப் பாருங்கோ, நோன்புக்கு ரெண்டு மாசம் முன்னமே கனபேர் டொக்டரிட்டப் போய்க் குளுசை நேரத்தையும் அளவையும் மாத்திக்கொண்டு வருவினம், 70க்குக் கீழ போனா நோன்பைத் திறக்கோணும் எண்டு டொக்டர்மார் சொல்லி அனுப்புவினம். எங்கட ஆக்கள் விரதத்தை டொக்டருக்குச் சொல்லுறதே இல்லை, அது ஏதோ ஒளிக்க வேண்டிய விசயம் மாதிரி. அம்மா பாலும் பழமும் எடுக்கிற விரதம் பிடிக்கட்டும், தண்ணியும் குடிக்காம இருக்கிறது வேண்டாம், அண்டைக்குரிய குளுசை என்னெண்டதை டொக்டர் சொல்லட்டும். விரலைக் குத்திப் பாத்தா விரதம் முறியாது எண்டு ஐயரையும் ஒருக்காச் சொல்ல வையுங்கோ, நீங்கள் சொன்னாக் கேக்கமாட்டா.

உங்கட கை நடுக்கத்துக்கு வாறன். சுகர் வருத்தமும் இல்லை, மருந்தும் இல்லை எண்டா உண்மையான லோ வாறது அபூர்வம். 1938 இல விப்பிள் எண்ட அமெரிக்க சத்திரசிகிச்சை டொக்டர் சொன்ன மூண்டு நிபந்தனை இருக்கு, இப்பவும் அதைத்தான் பாக்கிறவை, அடையாளம் இருக்கோணும், அந்த நேரத்திலயே அளந்தா சுகர் குறைவா இருக்கோணும், சீனி ஏறினவுடன அடையாளம் போகோணும். சுகர் வருத்தம் இல்லாத ஆக்களுக்கு குறைவு எண்டுறது 55க்குக் கீழ. அம்மான்ர மெஷின் வீட்டில இருக்குதானே, அடுத்த முறை நடுங்கேக்க கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைச்சிட்டு (பழம் உரிச்ச கையால குத்தினா பொய்க்குக் கூடக் காட்டும்) பாருங்கோ. பெரும்பாலும் 80, 90 எண்டுதான் வரும். காலமை வெறு வயித்தில மூண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியும் ஒரு பணிஸும், பிறகு ரெண்டு மணி வரைக்கும் ஒண்டுமில்லை எண்டா யாருக்கும்தான் நடுங்கும், முட்டையோ கடலையோ சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கோ, வெறும் வயித்தில தண்ணி அடிக்கிற பழக்கம் இருந்தா அதை விடுங்கோ, மதுசாரம் ஈரல் சீனி விடுறதை அடைச்சுப்போடும். உண்மையாவே 55க்குக் கீழ காட்டினா, இல்லாட்டி சாப்பிடாத நேரத்தில மயங்கி விழுந்தா, எண்டோகிரைன் டொக்டரை (சுரப்பி வருத்தங்கள் பாக்கிறவர்) பாக்கோணும், வயிறு சின்னதாக்குற ஒப்பரேசன் செய்தவையா, அட்ரீனல் சுரப்பிக் குறைபாடா, அபூர்வமா கணையத்தில இன்சுலின் சுரக்கிற கட்டியா எண்டு தேடுவினம், வார்ட்டில வைச்சு 72 மணித்தியாலம் வரைக்கும் சாப்பாடு குடுக்காமப் பாக்கிற டெஸ்டும் இருக்கு. மெஷினில பாக்க முன்னம் அதையெல்லாம் யோசிச்சு நித்திரையைக் கெடுக்காதேங்கோ.

இண்டைக்கு இரவு அம்மாவுக்கு கிளிக்ளசைட் குடுக்கிற நேரம் வர முன்னம் அவவின்ர டொக்டருக்கு ஒரு கோல் எடுத்து 58 எண்ட நம்பரையும், விரதம் இருந்தவ எண்டதையும், அட்டெனலோல் போடுறா எண்டதையும் சொல்லி இரவுக் குளுசை போடவோ எண்டு கேளுங்கோ. போன் எடுக்கேல்லையெண்டா பக்கத்தில எந்த ஓபிடியிலயும் போய்க் கேக்கலாம். போகேக்க அந்தப் பையை மறந்திடாதேங்கோ.